தில்லிக் குளிரில் அழகாகவும் கதகதப்பாகவும் உடுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தில்லிக்குக் கிளம்பும் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு தவற்றைச் செய்கிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்த பழக்கத்தில் ஒரே ஒரு ஸ்வெட்டரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய், முதல் நாள் காலையிலேயே விடுதிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது ஒன்று. இமயமலை ஏறப் போகிறவர்களைப் போலப் பருத்த ஜெர்கின் ஒன்றை வாங்கி, ஐந்து நாளும் அதைக் கழற்றாமலே சுற்றிவிட்டு, எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதே ஜெர்கினில் நிற்பது இன்னொன்று. நான் செய்தது இரண்டாவது தவறு. சென்னையில் வாங்கிய அந்த ஜெர்கினுக்குள் சாதாரணப் பருத்திச் சட்டையும் பனியனும் மட்டும் அணிந்து, ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தின் கூட்டத்தில் ரயில் மாறி, முதுகெல்லாம் வேர்த்துப்போய் வெளியே வந்தேன். கன்னாட் பிளேஸின் வாடைக்காற்று பட்ட சில நிமிடங்களில் நனைந்த பனியன் ஐஸ் துணி போல முதுகில் ஒட்டிக்கொண்டது. அன்றிரவு தொடங்கிய சளி ஊர் திரும்பும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகு பல குளிர்காலங்களில் அங்கே போய், தங்கி, கரோல் பாகிலும் ஆர்.கே. புரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதன் அடிப்படை எளிமையானது. கதகதப்பைத் தர வேண்டியவை உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். வெளியே தெரிவது ஒன்றே ஒன்று, அதுவும் நல்லதாக இருக்க வேண்டும்.

முதலில்: எந்தக் குளிருக்கு உடுத்துகிறோம்?

ஜனவரியில் தில்லியின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 7 முதல் 8 டிகிரி செல்சியஸ். அதிகபட்சம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒரே நாளில் 12 டிகிரி ஏற்ற இறக்கம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விடியற்காலையில் பல் கிட்டும். மதியம் வெயில் வந்துவிட்டால் லோதி தோட்டத்துப் புல்வெளியில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்காரலாம். மாலை ஐந்தரை மணிக்குச் சூரியன் மறைந்ததும் குளிர் மளமளவென்று இறங்கிவிடும். ஆகவே நாள் முழுவதற்கும் ஒரே கனமான உடை என்பது இந்த ஊருக்குச் சரிப்படாது. கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொள்ளும்படியான மெல்லிய அடுக்குகளே வேண்டும். இரண்டு மெல்லிய துணிகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்பின் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது என்பதால், ஒரு தடித்த ஆடையைவிட மூன்று மெல்லிய ஆடைகள் உண்மையிலேயே கூடுதல் கதகதப்பைத் தரும்.

இன்னொரு வகை நாளும் உண்டு. மூடுபனி விலகாமல் வெயிலே வராத நாட்களில் பகலும் இரவும் ஒன்றாகவே இருக்கும். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான அதிகபட்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான். நீங்கள் போகும் ஐந்து நாளில் ஒரு நாளாவது இப்படி அமையலாம் என்று எதிர்பார்த்துக்கொண்டே பெட்டி கட்டுங்கள்.

நம்மவர்கள் எதிர்பாராத விஷயம் வீட்டுக்குள் இருக்கும் குளிர். ஐரோப்பிய நகரங்களில் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கட்டடம் முழுவதும் சூடாக இருக்கும். கோட்டைக் கழற்றி மாட்டிவிடலாம். தில்லியில் பெரும்பாலான வீடுகளிலும் நடுத்தர விடுதிகளிலும் அந்த ஏற்பாடு கிடையாது. வெயிலுக்கென்று கட்டிய வீடுகள் அவை. மொசைக் தரையும் சுண்ணாம்புச் சுவரும் இரவுக் குளிரை வாங்கி வைத்துக்கொண்டு பகலெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்; பல நாட்களில் வீட்டுக்குள் இருப்பதைவிட மொட்டை மாடியில் இருப்பதே இதமாக இருக்கும். எனவே உள்ளே போட்டுக்கொள்வதும் வெளியே போட்டுக்கொள்வதும் வேறு வேறு என்று பிரித்துத் திட்டமிடாதீர்கள். விருந்துக்குப் போனால் அங்கே கோட்டைக் கழற்ற வாய்ப்பில்லாமலே போகலாம். வெளியே தெரியும் ஆடை நல்லதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது: வெளியே தெரியும் ஆடையை முதலில் தீர்மானியுங்கள்

பெட்டி கட்டும்போது எல்லோரும் உள்ளாடையிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் மேலிருந்து தொடங்குங்கள். ஐந்து நாளும் பிறர் கண்ணில் படப்போவது உங்கள் மேலங்கியே; ஆகவே மற்ற எல்லாவற்றின் நிறமும் அளவும் அதற்கு ஏற்றபடி அமைய வேண்டும்.

என் தேர்வு முழங்காலைத் தொடும் நீளமுள்ள கம்பளிக் கோட்டு. குட்டையான ஜெர்கின் இடுப்போடு நின்றுவிடுவதால் தொடையும் இடுப்பும் குளிரில் மாட்டிக்கொள்ளும். நின்றால் உடம்பு பீப்பாய் போலத் தெரியும். நீண்ட கோட்டு உடம்பை ஒரே கோடாகக் காட்டும், குர்த்தாவின் மேலும் புடவையின் மேலும் சட்டை பேண்டின் மேலும் ஒன்றுபோலப் பொருந்தும். தில்லியின் மூடுபனியில் அரைமணி நேரம் நடந்தால் மேலாடையில் நுண்ணிய நீர்த்துளிகள் படியும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் தொட்டால் நனைந்தது போலத் தெரியாது, சூட்டையும் விடாது. பறவை இறகு அடைத்த ஜாக்கெட்டுகள் எடை குறைந்தவை, மடித்தால் கையளவாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஈரம் பட்டு இறகு படுத்துவிட்டால் அவற்றின் பயன் குறைந்துவிடும். அவற்றை வாங்குவதானால் தைத்த கோடுகள் நெருக்கமாக உள்ள மெல்லிய வகையை வாங்கிக் கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்வது நல்லது.

கோட்டைக் கடையில் போட்டுப் பார்க்கும்போது, உள்ளே ஒரு ஸ்வெட்டரை அணிந்துகொண்டு போட்டுப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள்முனையில் நிற்க வேண்டும்; இரு கைகளையும் முன்னால் நீட்டினால் முதுகு பிடிக்கக் கூடாது. பொத்தான் போட்ட பிறகு உள்ளே ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தால் போதும். இதைவிடத் தொளதொளவென்று இருந்தால் காற்று புகும், இறுக்கமாக இருந்தால் நான் முன்பு சொன்ன காற்றுப்படலம் நசுங்கிப்போகும்.

நிறத்தைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: கறுப்பை விட்டுவிடுங்கள். குளிர்காலத் தில்லியில் ஒளியே மங்கலாக, சாம்பல் பூத்தது போலத்தான் இருக்கும். அந்தப் பின்னணியில் கறுப்புக் கோட்டு அணிந்தவர் முகமும் மங்கித் தெரியும்; அதோடு ஊரெங்கும் பறக்கும் தூசி கறுப்பின் மீது மாவு தூவியது போல நன்றாகத் தெரியும். நம் மாநிறத்துக்கு ஒட்டக நிறம், அரக்கு, மயில் நீலம், கரும்பச்சை ஆகியவை அழகாக அமையும். ஹுமாயூன் சமாதியின் செம்மணற்கல் முன்னால் கரும்பச்சையும், லோதி தோட்டத்தின் சாம்பல் நிறக் கல்மண்டபங்களின் முன்னால் அரக்கும் எப்படித் தெரிகின்றன என்று ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி கறுப்புக்குப் போகமாட்டார்கள்.

மூன்றாவது: உடம்பை ஒட்டிய உள்ளாடை

கடைகளில் தெர்மல் என்று கேட்டால் கிடைக்கும் மெல்லிய முழுக்கை மேலாடையும் கணுக்கால்வரை வரும் கீழாடையும்தான் இந்த முழு ஏற்பாட்டின் அஸ்திவாரம். இது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். சுருக்கம் விழுந்தால் மேலே போடும் சட்டையில் அது மேடாகத் தெரியும். பருத்தி கலந்தவை மலிவு, தோலுக்கு இதம். ஆனால் பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். எனக்கு ராஜீவ் சௌக்கில் நேர்ந்தது அதனால்தான். நாள் முழுவதும் நடந்து ஊர் பார்க்கப் போகிறவர்கள் மெரினோ கம்பளியிலோ, வியர்வையை வெளியே தள்ளும் செயற்கை இழையிலோ செய்தவற்றை வாங்கிக்கொள்ளட்டும். மெரினோவின் இழை மிக மெல்லியது என்பதால் சாதாரணக் கம்பளி போலக் குத்தாது, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போட்டாலும் வாடை அடிக்காது. விலை அதிகம்தான், இரண்டு செட் போதும்.

கழுத்து வெட்டைக் கவனித்து வாங்குங்கள். சட்டையின் காலருக்கு மேலோ குர்த்தாவின் கழுத்தருகிலோ தெர்மலின் வெள்ளை விளிம்பு எட்டிப் பார்ப்பதைப் போல அலங்காரத்தைக் கெடுப்பது வேறில்லை. அகன்ற கழுத்துள்ளதை வாங்கினால் எந்த ஆடைக்குள்ளும் மறைந்துவிடும். வெள்ளைக்குப் பதிலாகத் தோலின் நிறத்தையோ சாம்பல் நிறத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜீன்ஸ் அணிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தடிப்பாக இருந்தாலும் பருத்தித் துணியே. குளிரில் விறைத்துப் போய்த் தொடையில் தகடு போலப் படும். உள்ளே தெர்மல் போட்டால் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிட ஒரு கம்பளிப் பேண்ட் எவ்வளவோ மேல், பார்க்கவும் எடுப்பாக இருக்கும்.

இடையில் போடும் ஸ்வெட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்புறம் முழுதும் திறக்கும் பொத்தான் வைத்த வகையை வாங்குங்கள். தலைவழியாகக் கழற்றும் வகை என்றால் மெட்ரோவில் வேர்க்கும்போது ஒன்றும் செய்ய முடியாது.

நான்காவது: புடவை கட்டுகிறவர்களுக்கு

குளிருக்குப் பயந்து புடவையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுச் சுடிதாரோடு திரும்பிவரும் பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அது தேவையே இல்லை. புடவை இடுப்புக்குக் கீழே பல சுற்று வருவதால் அங்கே கதகதப்புக்குக் குறைவில்லை. குளிர் புகும் வழிகள் மூன்றே: ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் இடையே உள்ள விலாப்பகுதி, முதுகு, கணுக்கால். இந்த மூன்றையும் அடைத்துவிட்டால் புடவை நல்ல குளிர்கால உடையே.

தில்லியில் பல ஆண்டுகளாக வாழும் தமிழ்ப் பெண்களிடம் பார்த்தால், ஜனவரியில் அவர்கள் அணிவது கம்பளி நூலில் பின்னிய முழுக்கை ரவிக்கை. வடநாட்டுக் கடைகளில் உல்லன் பிளவுஸ் என்று கேட்டால் கிடைக்கும். இது இடுப்புவரை இறங்கி விலாவை முழுதும் மூடிவிடும். கறுப்பு, அரக்கு, மஞ்சள் கலந்த பழுப்பு என்று மூன்று நிறம் இருந்தால் எந்தப் புடவைக்கும் பொருத்திக்கொள்ளலாம். சாதாரண ரவிக்கைக்குக் கீழே தெர்மல் போட்டு, முழங்கையோடு முடியும் ரவிக்கைக் கைக்குக் கீழே தெர்மலின் கை நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுவதைவிட இது ஆயிரம் மடங்கு நேர்த்தி.

உள்பாவாடைக்குள் கணுக்கால்வரை வரும் கம்பளி லெக்கிங்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஓர் அடுக்கு கூடுவதால் கொசுவத்தை வழக்கத்தைவிட ஒரு மடிப்புக் குறைத்து, அகலமாக வையுங்கள். இல்லையென்றால் முன்புறம் பொம்மென்று நிற்கும். காலில் கணுக்காலை மூடும் குட்டை பூட்ஸ். புடவையின் கீழ்விளிம்பு தரையைத் தொடாமல் பூட்ஸின் மேற்பரப்பில் படிவது போலக் கட்டினால் நடக்கும்போது தடுக்காது, பனியில் நனைந்த தரையின் சேறும் ஒட்டாது. சாக்ஸ், புடவையின் நிறத்திலோ பூட்ஸின் நிறத்திலோ இருக்கட்டும்.

துணியைப் பொறுத்தவரை பட்டு நன்றாகச் சூடு காக்கும். காஞ்சிப் பட்டும் டஸர் பட்டும் இந்தக் குளிருக்கென்றே நெய்தது போல இருக்கும். ஷிஃபானும் ஜார்ஜெட்டும் காற்றைத் தடுக்காது, உள்ளே போட்ட கம்பளியிலும் ஒட்டிக்கொள்ளும்.

மேலே என்ன போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பயணத்தின்போது முந்தானையை மடிப்பெடுத்துத் தோளில் ஊசி குத்தி, நுனியை இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து செருகிவிட்டு, மேலே நீண்ட கோட்டைப் போட்டுப் பொத்தான்களைத் திறந்தே விடுங்கள்; உடம்பின் நடுவே புடவையின் நிறம் ஒரு பட்டை போலத் தெரியும். முந்தானையைக் கோட்டுக்கு வெளியே எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. அது காற்றில் பறந்துகொண்டே இருக்கும், மெட்ரோ படிக்கட்டில் ஆபத்து. விழாவிடம் வந்ததும் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு, அதற்குப் பதில் சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: ஆண்களுக்கு

வேட்டி கட்டுகிறவர்கள் நாலு முழத்தை விட்டுவிட்டு எட்டு முழம் கட்டட்டும். இரண்டு சுற்று வந்துவிடும். உள்ளே தோல் நிறத் தெர்மல், மேலே முழுக்கைச் சட்டை, அதன் மேல் கம்பளி நேரு ஜாக்கெட். இந்தச் சேர்க்கையில் ஒரு பெரியவர் ஆர்.கே. புரத்து முருகன் கோயிலான மலை மந்திரின் படியேறி வந்ததைப் பார்த்தபோது, இதைவிடக் கம்பீரமான குளிர்கால உடை தமிழனுக்கு இருக்க முடியாது என்று தோன்றியது. நேரு ஜாக்கெட்டுக்குக் கை கிடையாது என்பதால் மேலே கோட்டுப் போட்டாலும் அக்குளில் இறுக்காது. நெஞ்சுக்கும் முதுகுக்கும் சூடு கிடைக்கும். பேண்ட் அணிகிறவர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன்.

திருமணத்துக்கோ வரவேற்புக்கோ போவதானால் கழுத்துவரை மூடிய பந்த்கலா கோட்டு. தில்லியில் கல்யாண விருந்துகள் குளிர்கால இரவுகளில் திறந்த புல்வெளியில் நடப்பது வழக்கம். அங்கங்கே கணப்பு வைத்திருப்பார்கள். ஆனால் அதன் அருகில் இடம் கிடைப்பது அரிது. பந்த்கலாவின் உயர்ந்த கழுத்து, மஃப்ளர் இல்லாமலே தொண்டையைக் காக்கும்.

ஆறாவது: சால்வை

ஒரு நல்ல கம்பளிச் சால்வை, கோட்டு செய்யும் வேலையில் பாதியைச் செய்யும். ரயிலில் போர்வையாகும், உட்காருமிடத்தில் விரிப்பாகும், குருத்வாராவில் தலையை மூடப் பயன்படும். ஆனால் வாங்கும்போது ஏமாறுவதும் இதில்தான். நடைபாதையில் 300 ரூபாய்க்குப் பஷ்மினா என்று விற்பது பஷ்மினா அல்ல. பெரும்பாலும் விஸ்கோஸோ அக்ரிலிக்கோதான். அதை நல்ல ஸ்டோல் என்று நினைத்து வாங்கினால் தவறில்லை, சூடு தரும் என்று நம்பி வாங்காதீர்கள்.

சோதிக்க வழி உண்டு. சால்வையின் ஓரத்துக் குஞ்சத்திலிருந்து ஓரிரு இழைகளைக் கடைக்காரரின் அனுமதியோடு பிய்த்து, தீக்குச்சிச் சுடரில் காட்டுங்கள். கம்பளியானால் தயங்கித் தயங்கி எரிந்து, முடி கருகும் நாற்றம் வரும்; சுடரை விலக்கினால் தானே அணையும்; எஞ்சும் கரி விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கல் போன்ற கறுப்பு மணியாக இறுகிவிடும். விஸ்கோஸ் காகிதம் எரிவது போல எரிந்து சாம்பலாகும். நேர்மையான வியாபாரி இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார், பலர் தாங்களே செய்து காட்டுவார்கள்.

உண்மையான காஷ்மீர் பஷ்மினா லடாக்கின் உயர்ந்த பீடபூமியில் வளரும் ஆடுகளின் அடிமயிரிலிருந்து கையால் நூற்று நெய்யப்படுவது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அந்த விலை முடியாதென்றால் இமாசலத்தின் குல்லுச் சால்வை நல்ல தேர்வு: கெட்டியான கம்பளி, ஓரத்தில் மட்டும் வண்ண வடிவங்கள், ஒற்றை நிறப் புடவைக்கு அருமையாகப் பொருந்தும். யாராவது ரகசியக் குரலில் ஷாதூஷ் இருக்கிறது, மோதிரத்துக்குள் நுழையும் என்று காட்டினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். திபெத்திய மான் வகை ஒன்றைக் கொன்று எடுக்கும் மயிர் அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்பதும் வாங்குவதும் குற்றம்.

போர்த்தும் முறையிலும் அழகு இருக்கிறது. நீளவாட்டில் ஒரு மடிப்பு மடித்து, இடது தோளில் ஒரு முனையை முழங்கால்வரை தொங்கவிட்டு, மறுமுனையை முதுகுப்புறமாகச் சுற்றி வலது கைக்கு அடியில் கொண்டுவந்து இடது தோளின் மேல் எறிந்துவிடுங்கள். வலது கைக்கு வேலை செய்யச் சுதந்திரம் கிடைக்கும், நெஞ்சில் இரண்டு அடுக்கு வரும். கழுத்தைச் சுற்றி உருண்டையாகத் திணித்துக்கொண்டால் கழுத்தே இல்லாதவர் போலத் தெரிவோம்.

ஏழாவது: பாதங்கள்

தில்லியில் நாம் போகும் இடங்களில் பாதி, காலணியைக் கழற்ற வேண்டிய இடங்கள். மலை மந்திரின் கருங்கல் படிகள் மார்கழி விடியலில் பாதத்தைச் சுடுவது போலவே குளிரும். பங்களா சாஹிப் குருத்வாராவில் காலணியை ஒப்படைத்துவிட்டு, நுழைவாயிலில் உள்ள ஆழமில்லாத நீர்த்தொட்டியில் பாதத்தை நனைத்துத்தான் உள்ளே போகிறோம். அதன் பிறகு பளிங்குத் தரை. தாமரைக் கோயிலிலும் ஜும்மா மசூதியிலும் காலணி கூடாது. எனவே கயிறு கட்டும் உயரமான பூட்ஸ் இந்த ஊருக்குத் தொல்லை. பக்கவாட்டில் ஜிப் உள்ளதோ இழுத்து மாட்டும் வகையோ போதும். கைப்பையில் ஒரு சிறிய துண்டும், காய்ந்த கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடியும் எப்போதும் இருக்கட்டும். வெளியே வந்து பாதத்தைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸுக்குள் நுழைக்கும் அந்தக் கணத்தின் சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

ஷூவை வாங்கும்போது கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். விரல்கள் நெருக்குண்டால் ரத்த ஓட்டம் குறைந்து, எத்தனை சாக்ஸ் போட்டாலும் கால் சூடேறாது.

எட்டாவது: தலை, காது, மூக்கு

குரங்குக் குல்லாயைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் விடியற்காலைப் பயணத்தில் அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. மற்றவர்களுக்கு, காதை மூடும் ஒற்றை நிறக் கம்பளித் தொப்பியும், கோட்டின் நிறத்துக்கு எதிரான நிறத்தில் ஒரு மஃப்ளரும் போதும். உடை முழுவதிலும் பளிச்சென்ற நிறம் ஓரிடத்தில் இருக்கலாம் என்றால் அது மஃப்ளராக இருக்கட்டும், ஏனென்றால் முகத்துக்கு அருகில் இருப்பது அதுதான்.

இந்த மாதங்களில் தில்லியின் காற்று மாசு கடுமையாக இருக்கும். மஃப்ளரை மூக்கில் சுற்றிக்கொண்டால் தூசி வராது என்று நம்ப வேண்டாம். நுண்துகள்களைத் துணி தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசமே வேண்டும். மூக்கும் கன்னமும் அதனால் கதகதப்பாக இருக்கும் என்பது கூடுதல் நன்மை. கண்ணாடி அணிகிறவர்கள் மூக்குக் கம்பியை நன்றாக அழுத்திவிடுங்கள், இல்லையென்றால் மூச்சுக்காற்றில் கண்ணாடி மூடிக்கொள்ளும்.

குடியரசு தின அணிவகுப்புக்கு நுழைவுச் சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அதிகாலையில் கிளம்பிக் கர்தவ்ய பாதையில் மணிக்கணக்கில் அசையாமல் உட்காரும்போது, நடப்பவருக்கு வேண்டியதைவிட ஓர் அடுக்கு அதிகம் தேவைப்படும். பையை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் உடம்பிலேயே போட்டுக்கொண்டு போக வேண்டும். அக்ஷர்தாம் கோயிலிலும் பைக்கும் கைப்பேசிக்கும் அனுமதி இல்லை. ஆழமான உள்பை வைத்த கோட்டு இங்கெல்லாம் கைகொடுக்கும்.

ஒன்பதாவது: எதை இங்கே வாங்குவது, எதை அங்கே வாங்குவது

தெர்மலையும் சாக்ஸையும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள், ரயிலிலேயே தேவைப்படும். ஸ்வெட்டரும் மஃப்ளரும் நம் ஊர்களுக்குக் குளிர்காலத்தில் வரும் திபெத்திய வியாபாரிகளிடம் கிடைக்கும். கோட்டும் சால்வையும் உல்லன் பிளவுஸும் தில்லியில் வாங்குவதே நல்லது. காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள மோனாஸ்டரி சந்தை கம்பளி ஆடைகளுக்குப் பேர்போனது. சரோஜினி நகரில் மலிவாகக் கோட்டுகள் கிடைக்கும். தையலையும் அக்குளையும் பைகளையும் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். சரோஜினி நகர், லாஜ்பத் நகர், கரோல் பாக் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. சால்வைக்கு ஐ.என்.ஏ. அருகிலுள்ள தில்லி ஹாட்டும், பாபா கரக் சிங் மார்கில் உள்ள மாநில அரசு விற்பனை நிலையங்களும் நம்பகமானவை. முதல் நாள் மதிய வெயிலில் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பத்தாவது: பெட்டி

ஐந்து நாளுக்கு: கோட்டு ஒன்று, தெர்மல் இரண்டு செட், பொத்தான் ஸ்வெட்டர் ஒன்று, நேரு ஜாக்கெட் அல்லது மெல்லிய ஜாக்கெட் ஒன்று, கீழாடை இரண்டு, மேற்சட்டை அல்லது குர்த்தா நான்கு, புடவையானால் இரண்டு, சால்வை ஒன்று, கம்பளி சாக்ஸ் நான்கு ஜோடி. இரவுக்கு ஃபிளானல் உடையும் தனி சாக்ஸும் வேண்டும். ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் உள்ளே நுழையும்போது சில்லென்றுதான் இருக்கும். அறையில் ஹீட்டர் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள். கரி கணப்பை மூடிய அறைக்குள் ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் குறுகிய வாயுள்ள புட்டியில் கொண்டுபோனால் ஒரு சொட்டும் வராது. வாயகன்ற டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். குளித்த ஈரம் காயும் முன்பே கைகால்களில் தேய்த்துவிட்டால், வறண்ட தோலில் கம்பளி உரசி ஏற்படும் அரிப்பு இருக்காது.

ரயிலில் போகிறவர்கள் கைப்பையில் தெர்மல், ஸ்வெட்டர், சாக்ஸ், தொப்பி நான்கையும் தனியாக வைத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து கிளம்பிய இரண்டாவது இரவு, போபால் தாண்டியதும் ஜன்னல் கம்பி சில்லிடத் தொடங்கும். அப்போதே உடை மாற்றிக்கொண்டு படுங்கள். மூடுபனியால் வண்டி தாமதமானால் ஆக்ராவுக்கு இப்பால் வெட்டவெளியில் மணிக்கணக்கில் நிற்கலாம்; பெரிய பெட்டியை அந்த நேரத்தில் இருக்கைக்கு அடியிலிருந்து இழுத்துத் திறப்பது பெரும்பாடு.

ஊர் திரும்பிய பிறகு

கம்பளி ஆடைகளை அப்படியே அலமாரியில் திணித்தால் சென்னையின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். கோட்டை உலர்சலவைக்குக் கொடுங்கள். ஸ்வெட்டரையும் தெர்மலையும் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பு போட்டு அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் படுக்கையாகப் பரப்பி உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் நீண்டு உருக்குலைந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் பழைய மல் வேட்டியில் சுற்றி, இடையிடையே வசம்புத் துண்டும் உலர்ந்த வேப்பிலையும் வைத்து மடித்துவிடுங்கள். சால்வையை மட்டும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டிலேயே இழை இற்றுப்போகும்.